நிலுவைச் சம்பளம் வாங்கியவர்கள் வருமான வரி ரிட்டர்ன் போடும் முன் இதைப் படியுங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் பழைய மில் சம்பளப் பாக்கியை இப்போதுதான் கண்ணில் பார்த்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். "பிடித்த வரியை முழுசா ரீஃபண்டு எடுத்துத் தர்றேன், வந்ததில் முப்பது பர்சென்ட் கொடுங்க போதும்" என்று யாராவது சொன்னால் பான் கார்டை நீட்டிவிடாதீர்கள். என் அப்பாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பா மதுரைப் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தவர். திடீரென வெளியே அனுப்பினார்கள். கேஸ் வருஷக்கணக்கில் இழுத்து, 2014-15 முதல் 2017-18 வரையிலான சம்பளம், வருஷத்துக்கு 1,60,000 வீதம் 6,40,000 ரூபாய், 2022 கடைசியில் மொத்தமாக வந்தது. அதில் 31,720 ரூபாய் டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள். அதற்குள் அப்பா புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் மாதம் 15,000 ரூபாய்க்குக் கணக்கு எழுதப் போயிருந்தார்.

கூட வேலை பார்த்தவர்கள் காரைக்குடியில் ஒரு கடையைக் காட்டினார்கள். ஜெராக்ஸ், பஸ் டிக்கெட், பான் கார்டு, வருமான வரி எல்லாம் ஒரே மேஜையில் நடக்கும். "ஃபார்ம் 16-ம் ஆதாரும் கொடுங்கண்ணே, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றாராம் கடைக்காரர். ஃபார்ம் 16 என்பது சம்பளமும் பிடித்த வரியும் காட்டும் சான்று. சொன்ன மாதிரியே ரீஃபண்டும் அப்பா கணக்கில் ஏறியது. 9,500 ரூபாய் ரொக்கமாக வாங்கிக்கொண்டார். ரசீது கிடையாது. அப்பாவுக்கு அந்த ஆள்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

2023 தீபாவளி முடிந்து, ஓட்டுக்கூரை மராமத்துக்குக் கடன் கேட்டபோது வங்கியில் ரிட்டர்ன் நகல் கேட்டார்கள். கடைக்காரர் இன்றைக்குத் தருகிறேன், நாளைக்குத் தருகிறேன் என்று இழுத்தடித்தார். சரி, நாமே எடுத்துவிடலாம் என்று வருமான வரித் தளத்தில் பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று கொடுத்து, ஆதார் ஓ.டி.பி. வழியாக உள்ளே போனேன். அப்பாவின் பெயருக்குக் கீழே யாரோ ஒருவரின் ஈமெயில். மொபைல் எண் கடைக்காரருடையது. ரிட்டர்னைத் திறந்தால், சேமிப்புக்கான 80சி கழிவில் 1,50,000, 80டி மருத்துவக் காப்பீடு 25,000, 80ஜிஜிசி-யில் அரசியல் கட்சிக்கு நன்கொடை 95,000. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். குன்றக்குடி பங்குனி உத்திர அன்னதானத்துக்கு 101 ரூபாய் எழுதவே யோசிக்கிற மனுஷர் அவர்!

மூன்றையும் கூட்டினால் 2,70,000. சும்மா போட்ட எண் இல்லை. பாக்கிச் சம்பளமும் ஆலைச் சம்பளமும் சேர்ந்து 8,20,000. சம்பளக்காரர்களுக்குப் பொதுவாகக் கிடைக்கும் நிலைக் கழிவு 50,000 போனால் 7,70,000. அதை ஐந்து லட்சத்துக்கு இறக்கினால் பழைய வரி முறையில், ஐந்து லட்சம் வரை வருமானத்துக்கு வரியைத் தள்ளுபடி செய்யும் 87ஏ பிரிவால் வரி பூஜ்ஜியம். வேலை தெரிந்த ஆள்தான், தெரியாதவர் இல்லை.

என் வயிற்றெரிச்சலே இனிமேல்தான். இந்தப் பொய் எதுவுமே தேவைப்படவில்லை. பழைய வருஷச் சம்பளம் மொத்தமாகக் கைக்கு வரும்போது அந்த ஒரே வருஷத்தில் வரி ஏறிப்போகும் என்பதால்தான் அப்பாவின் ரிட்டர்னுக்குப் பொருந்திய 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 89ஆம் பிரிவு நிவாரணம் இருந்தது (2026 ஏப்ரல் முதல் வரும் வருமானத்துக்குப் புதிய சட்டம்). பணத்தை அந்தந்த வருஷத்துக்குப் பிரித்துப் போட்டுப் பார்த்து, கூடுதலாக விழுகிற வரியைக் கழிப்பார்கள். அந்த நாலு வருஷமும் அப்பா கிடைத்த சில்லறை வேலைதான் பார்த்தார். அதோடு 1,60,000-ஐச் சேர்த்தாலும் எந்த வருஷமும் இரண்டரை லட்சத்தைத் தாண்டவில்லை, அதனால் அங்கே வரி இல்லை. பணம் வந்த 2022-23இல் விழுகிற 69,160 ரூபாய் முழுவதும் நிவாரணத்தில் போய்விடும். பிடித்த 31,720-ம் நேர்வழியிலேயே திரும்ப வந்திருக்கும்.

இதற்கு அந்தச் சட்டப்படி ஃபார்ம் 10இ என்ற படிவத்தை ஆன்லைனில் முதலில் போட வேண்டும், அப்புறம்தான் ரிட்டர்ன். 10இ இல்லாமல் ரிட்டர்னில் நிவாரணத் தொகையை மட்டும் எழுதினால் தள்ளிவிட்டு வரி கட்டச் சொல்வார்கள். எந்த வருஷத்துக்கு எவ்வளவு பாக்கி என்ற பிரிவுக் கணக்கை மில்லிலிருந்து எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் படிவத்தை நிரப்ப முடியாது.

எங்களுக்கு நேரம் இருந்தது. அந்த ரிட்டர்னைத் திருத்த 2023 டிசம்பர் 31 வரை கெடு இருந்தது. ஒரு ஆடிட்டரிடம் போய் 10இ போட்டு, பொய்க் கழிவுகளை எடுத்து, 89 நிவாரணம் காட்டித் திருத்தினோம். வரி அதே பூஜ்ஜியம், ரீஃபண்டு அதே 31,720, திருப்பிக் கட்ட ஒன்றும் இல்லை. அவர் வாங்கியது ஒரு குறிப்பிட்ட கட்டணம், ரசீதோடு. ரீஃபண்டில் பங்கு பேசுவதற்குப் பட்டயக் கணக்காளர்களின் நடத்தை விதியே பொதுவாக இடம் கொடுப்பதில்லை. யாராவது சதவீதம் பேசினால் அங்கேயே எழுந்துவிடலாம்.

கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். "எல்லாருக்கும் இப்படித்தான் போடறோம் தம்பி, ரீஃபண்டு வந்துச்சுல்ல?" என்றார். ஈமெயில் யாருடையது என்றதற்குப் பதில் இல்லை. 9,500-ம் திரும்பவில்லை.

இது நம்ம ஊர் வித்தை மட்டும் இல்லை. 2025 ஜூலை 14 அன்று வருமான வரித் துறை நாடு முழுவதும் சுமார் 150 இடங்களில் இதே மாதிரி போலிக் கழிவுக்காகச் சோதனை போட்டது. தற்காலிக ஈமெயில் உருவாக்கிக் கொத்தாக ரிட்டர்ன் போட்டுவிட்டு அதை அப்படியே கைவிடுவதால் நோட்டீஸ் யார் கண்ணிலும் படுவதில்லை என்று துறையே சொன்னது. மாட்டுவது ரிட்டர்னில் பெயர் இருப்பவர்தான். வருமானத்தைத் தவறாகக் காட்டியதென்று 1961 சட்டத்தின் 270ஏ பிரிவில் முடிவானால், அப்படி மறைந்த வருமானத்துக்கான வரியில் 200 சதவீதம் அபராதம்.

ஏற்கெனவே இப்படி எங்காவது கொடுத்திருந்தால், தளத்தில் உங்கள் விவரப் பக்கத்தில் யாருடைய ஈமெயிலும் மொபைலும் இருக்கிறது என்பதை இன்றைக்கே பார்த்து மாற்றுங்கள். அப்பாவோடு அதே கடையில் போட்டவர்கள் சிலருக்குக் கெடு தாண்டிய பிறகு நோட்டீஸ் வந்திருக்கிறது. அதற்குப் பதில் போட்டுத் தர அதே ஆள் இப்போது தனியாக 3,000 ரூபாய் கேட்கிறார்.