நாசா குளோரோஃபில் மேப்: நடுக்கடலுக்கு நம்பலாம், கரையோரத்துக்கு ஒருமுறைக்கு ரெண்டுமுறை பாருங்க

ரெண்டு வருஷமா நாசாவோட கடல் நிற டேட்டாவ யூஸ் பண்றேன், அதுல குளோரோஃபில் (பாசில இருக்குற பச்சையம்) மேப் பத்தி மட்டும் இங்க சொல்றேன். முழுக்க ஃப்ரீ, டவுன்லோடுக்கு ஒரு லாகின் போட்டா போதும், 1997ல கடல் நிறத்த அளக்குற சீவிஃப்ஸ் கருவி சேட்டிலைட்ல மேல போனதுல இருந்து இன்னிக்கு வரைக்கும் அறுபடாம கிடைக்குது.

அளக்குற விதம் தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. கடல்ல மிதக்குற நுண்பாசி நீல வெளிச்சத்த முழுங்கிடும், பச்சைய பெருசா தொடாது, அதனால 443 நானோமீட்டர் அலைநீளம் பக்கம் வர்ற நீலத்தையும் 555 பக்கம் வர்ற பச்சையையும் ஒப்பிட்டு ஒரு கன மீட்டர் தண்ணில எத்தன மில்லிகிராம் குளோரோஃபில்னு கணக்கு போடுறாங்க. கேக்க ஈஸி. ஆனா சேட்டிலைட்டுக்குப் போய்ச் சேர்ற வெளிச்சத்துல கிட்டத்தட்ட 90 சதவீதம் காத்துல பட்டு சிதறினது, கடலுக்குள்ள போயிட்டு மேல வந்தது கொஞ்சூண்டு தான். அந்தக் கொஞ்சூண்ட பிரிச்சு எடுக்குறாங்க பாருங்க, அதுக்கே கையெடுத்துக் கும்பிடணும்.

ஆனா கரையோரம் வேற கதை. ஒரு தடவ ஆத்து முகத்துவாரத்துல செக்கச்செவேல்னு 10 மில்லிகிராமுக்கு மேல காட்டுச்சு, பாசி பெருகிடுச்சுன்னே நெனச்சுட்டேன், அதே நாள் எடுத்த சாதா கலர் படத்த தொறந்து பாத்தா பழுப்பா ஒரே கலங்கல், வெள்ளத்துல வந்த சேறு. இலைதழை அழுகிக் கரைஞ்ச தண்ணியும் நீலத்த முழுங்கும், அதனால கணக்குல பாசி மாதிரியே வந்து நிக்கும். நடுக்கடலுக்கே பிழை 35 சதவீதத்துக்குள்ள இருக்கணுங்கறது தான் டார்கெட், கரைல அத எதிர்பாக்காதீங்க.

டெய்லி மேப் மேகத்தால ஓட்டை ஓட்டையா இருக்கும், 8 நாள் சராசரி எடுங்க. கலர் ஸ்கேல் லாக் கணக்கு, 0.1ல இருந்து 1க்கும் 1ல இருந்து 10க்கும் ஒரே தூரம், அத கவனிக்காம பாத்தா லேசான மாற்றம்னு ஏமாந்துடுவீங்க. அப்புறம் இது மேல்தண்ணிய மட்டும் தான் பாக்கும், ஆழத்துல பாசி அடர்த்தியா இருந்தாலும் மேப்ல வராது.

2024 பிப்ரவரில போன பேஸ் சேட்டிலைட் டேட்டாவும் இப்ப அங்கயே கிடைக்குது. ஒரு சில நிறத்தோட நிக்காம புற ஊதால இருந்து அகச்சிவப்பு பக்கம் வரைக்கும் நெருக்கமா அளக்குறதால எந்த வகைப் பாசின்னு பிரிச்சுப் பாக்கவும் வழி இருக்கு. புதுசா ஆரம்பிக்கறவங்க 4 கிலோமீட்டர் மாத மேப்ல கை வைங்க, ஃபைல் சின்னது, சாதா லேப்டாப்லயே தொறக்கும்.