ஐந்து நொடிக்கு ஒருமுறை திணறும் ஃபோல்டர்

என் லினக்ஸ் கணினியில் காலையில் திறந்தால் இரவுவரை மூடாத நிரல், ஃபோல்டர்களையும் கோப்புகளையும் காட்டும் கோப்பு மேலாளர்தான். கணக்கீட்டு நிரல்கள் வரைந்து தள்ளும் வரைபடங்கள், அனிமேஷன் ரெண்டர், திரைப்பதிவு, லேடெக்கில் எழுதும் ஆவணங்கள் என்று என் வேலையில் கோப்புகள் ஒரு நிலையில் நிற்பதே இல்லை. அவை நிற்காததால் கோப்பு மேலாளர் திணறுவதைச் சில வருடங்களாகப் பார்த்து வருகிறேன். எந்த மேலாளர் என்று சொல்லிக் குறை கூறப்போவதில்லை. மூன்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினேன். மூன்றிலும் ஏதோ ஒரு வடிவில் இதே கதைதான்.

குழப்பம் தொடங்கியது சாதாரண பிஎன்ஜி படங்களில். ஒரு சிமுலேஷன் ஓடிக்கொண்டிருந்தது. எந்த நிலையில் இருக்கிறது என்று காட்ட, அரை டஜன் வரைபடங்களை 2 நொடிக்கு ஒருமுறை அதே பெயர்களில் மேலெழுதிக்கொண்டிருந்தது. ஃபோல்டர் பக்கத்து ஜன்னலில் திறந்தே இருந்தது, ஒரு தொந்தரவும் இல்லை. எதற்கு இத்தனை முறை என்று நினைத்து, 5 நொடிக்கு ஒருமுறை எழுதினால் போதும் என்று மாற்றினேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது. 5 நொடிக்கு ஒருமுறை ஐகான்கள் மறைந்து மறைந்து வந்தன, உருட்டினால் விட்டுவிட்டு நகர்ந்தது, ஃபேன் இரைந்தது. வேலையைக் குறைத்தால் சுமை கூடுகிறது! என் நிரலில்தான் பிழை என்று நினைத்து ஒரு நாள் முழுக்க அதையே குடைந்தேன். அப்புறம் தற்செயலாக அந்த ஃபோல்டரை மூடினேன். ஃபேன் அடங்கியது. திறந்தேன், மறுபடி இரைந்தது. டெர்மினலில் டாப் கட்டளையைப் போட்டுப் பார்த்தால், சிபியுவைத் தின்றுகொண்டிருந்த பட்டியலில் என் சிமுலேஷனுக்குப் பக்கத்திலேயே சிறுபடம் (கோப்பின் உள்ளடக்கத்தை ஐகானாகக் காட்டும் குட்டி முன்னோட்டம், தம்ப்நெயில்) செய்யும் நிரல் உட்கார்ந்திருந்தது.

லினக்ஸ் டெஸ்க்டாப்புகளில் சிறுபடங்களுக்கென்று ஃப்ரீடெஸ்க்டாப் அமைப்பின் பொதுவான விதிமுறை ஒன்று இருக்கிறது. நமது ஹோம் ஃபோல்டருக்குள் கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) என்ற மறைந்த ஃபோல்டர், அதற்குள் சிறுபடங்களுக்கான ஃபோல்டர், அதற்குள் அளவுவாரியாக 128, 256, 512, 1024 பிக்சல் படங்கள். மூலக் கோப்பின் முழு முகவரியை எம்டி5 என்ற கணக்கீட்டு முறையில் ஒரு குறியீடாகச் சுருக்கி, அதையே சிறுபடத்தின் பெயராக வைப்பார்கள். கோப்பு கடைசியாக மாறிய நேரம் சிறுபடத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். அடுத்த முறை ஃபோல்டரைத் திறக்கும்போது இரண்டு நேரமும் பொருந்தினால் இருக்கும் படத்தைக் காட்டலாம். பொருந்தாவிட்டால் பழையது செல்லாது, புதிதாகச் செய்ய வேண்டும்.

ஒருமுறை செய்து நூறுமுறை பார்க்கலாம் என்ற கணக்கில் கட்டிய ஏற்பாடு இது. பயணப் புகைப்படங்கள் இருக்கும் ஃபோல்டரில் இந்தக் கணக்கு அருமையாகப் பலிக்கும். என் ஃபோல்டரிலோ, செய்த படத்தை நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அது செல்லாததாகிவிடுகிறது. அதோடு, கோப்பு மாறியதை அடுத்த முறை திறக்கும்போதுதான் மேலாளர் கண்டுபிடிக்கும் என்றும் இல்லை. 2005-இல் வெளிவந்த 2.6.13 கெர்னலிலிருந்து (கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப்பகுதி) லினக்ஸில் ஐநோட்டிஃபை என்ற வசதி உண்டு. கண்காணிக்கச் சொன்ன ஃபோல்டரில் யாராவது எதையாவது எழுதினால் கெர்னலே உடனுக்குடன் சொல்லிவிடும். ஃபோல்டரைத் திறந்து வைத்திருப்பது என்றாலே கோப்பு மேலாளர் அதில் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

சரி, 2 நொடிக்கு ஒருமுறை எழுதியபோது ஏன் திணறவில்லை? அப்போது நான் வைத்திருந்தது ஜிநோம் டெஸ்க்டாப்பின் கோப்பு மேலாளரான நாட்டிலஸ். கோப்பு கடைசியாக மாறி 3 நொடி ஆகும்வரை சிறுபடம் செய்யாமல் பொறுத்திருக்கும் ஏற்பாடு அதன் மூலநிரலில் இருக்கிறது. எழுதி முடியாத கோப்பைத் தொட வேண்டாம் என்ற நல்லெண்ணம்தான். 2 நொடிக்கு ஒருமுறை மாறும் கோப்புக்கு அந்த 3 நொடி அமைதி வாய்ப்பதே இல்லை. ஆகவே சிறுபடம் செய்யும் முறையும் வருவதில்லை. நான் 5 நொடி ஆக்கியதும் ஒவ்வொரு சுற்றிலும் அமைதி கிடைத்தது, ஒவ்வொரு சுற்றிலும் ஆறு படங்களும் புதிதாகச் செய்யப்பட்டன. விடை தெரிந்தபோது சிரிப்புதான் வந்தது.

128 பிக்சல் படத்துக்கு இவ்வளவு அலட்டலா என்று தோன்றலாம். செலவு சிறுபடத்தின் அளவைப் பொறுத்ததல்ல, மூலப் படத்தைப் பொறுத்தது. என் வரைபடங்கள் 4கே அளவு, அதாவது 3840க்கு 2160 பிக்சல். பிக்சலுக்கு 4 பைட் என்றால் விரித்து வைக்க ஏறக்குறைய 33 எம்பி நினைவகம் வேண்டும். சாதாரண பிஎன்ஜி படத்தைச் சுருக்கிக் காட்டக்கூட முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை விரித்துத்தான் ஆக வேண்டும், குறுக்குவழி கிடையாது. ஜேபெக் இந்த விஷயத்தில் சமர்த்து: விரிக்கும்போதே பாதி, கால், அரைக்கால் அளவில் எடுக்கலாம். கேமரா எடுத்த படம் என்றால் உள்ளேயே குட்டிப் படம் ஒன்று பெரும்பாலும் தயாராக இருக்கும். ஆயிரம் புகைப்படங்கள் உள்ள ஃபோல்டர் ஓடுவதும் ஆறு வரைபடங்கள் உள்ள ஃபோல்டர் தள்ளாடுவதும் எப்படி என்பதற்குப் பாதி விடை இதில் இருக்கிறது.

"இத்தனை எம்பிக்கு மேல் இருந்தால் சிறுபடம் வேண்டாம்" என்ற அமைப்பு என்னைக் காப்பாற்றாததற்கும் இதுவே காரணம். வெள்ளைப் பின்னணியில் நாலு கோடுகள் உள்ள வரைபடம் வட்டில் சில நூறு கேபிதான். வரம்புக்குள் நல்ல பிள்ளையாக நுழைந்துவிடும், விரிந்த பிறகுதான் சுயரூபம் தெரியும்.

வீடியோ வேறு மாதிரியான தொல்லை. எம்பி4 கோப்பில் எந்தச் சட்டகம் (ஃபிரேம்) எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பொதுவாகக் கோப்பின் கடைசியில், பதிவு முடிந்த பிறகுதான் எழுதப்படும். பதிவு நடக்கும்போது அந்தக் கோப்பைத் திறக்கிற நிரலுக்கு ஒன்றும் புரியாது. சிறுபடம் செய்ய முடியவில்லை என்ற குறிப்பும் கேஷில் தோல்விகளுக்கான தனி ஃபோல்டரில் பதிவாகும், அடுத்த முறை வீணாக முயலாமல் இருப்பதற்காக. நல்ல யோசனை. ஆனால் அந்தக் குறிப்பிலும் இருப்பது மாறிய நேரம்தான். கோப்பு வளர்ந்ததும் குறிப்பு செல்லாது, மறுபடி முயற்சி, மறுபடி தோல்வி. எம்கேவி என்ற வேறு வீடியோ வடிவம் என்றால் பாதியிலும் திறக்கும், ஆகவே சிறுபடம் வெற்றிகரமாகவே உருவாகும், ஒவ்வொரு முறையும் வேறு படமாக. வீடியோக்களுக்குச் சிறுபடம் செய்யும் எஃப்எஃப்எம்பெக்தம்ப்நெயிலர் என்ற நிரல் வழக்கமாக வீடியோ நீளத்தின் 10 சதவீதத்தில் உள்ள காட்சியை எடுக்கும். பதிவு நீள நீள அந்த 10 சதவீதப் புள்ளியும் நகர்ந்துகொண்டே போகும். ஒரு மணி நேரத் திரைப்பதிவின்போது ஐகான் மெதுவாக முன்னே ஓடுவதைப் பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது. பதிவில் சட்டகங்கள் விடுபட்டிருந்தது தெரிந்த பிறகு வேடிக்கையாக இல்லை.

பிடிஎஃப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதிலும் அட்டவணை கடைசியில்தான், பாதி எழுதிய கோப்பு பெரும்பாலும் சரியாகத் திறக்காது.

நான் செய்த வைத்தியங்களில் முதல் இரண்டும் அசட்டுத்தனமானவை. எஸ்எஸ்டியில் எழுதுவதுதான் தாமதம் என்று முடிவுகட்டி, சிறுபடக் கேஷை ரேமுக்கு மாற்றினேன். துளி வித்தியாசமும் இல்லை. நேரம் போவது படத்தை விரிப்பதில், சேமிப்பதில் அல்ல என்பதை முதலிலேயே யோசித்திருக்கலாம். அடுத்தது இன்னும் மோசம். சிறுபட ஃபோல்டரில் எழுதும் உரிமையையே பிடுங்கிவிட்டேன். சேமிக்க இடமில்லாவிட்டால் செய்யாமல் விட்டுவிடும் என்று எண்ணம். அது செய்துகொண்டுதான் இருந்தது, சேமிக்கத்தான் முடியவில்லை. விளைவு, வருடக்கணக்கில் மாறாத புகைப்படங்களுக்கும் ஃபோல்டரைத் திறக்கும்போதெல்லாம் புதிதாகச் சிறுபடம். இதை நல்ல தந்திரம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் கேட்காதீர்கள்.

சிறுபடங்களை மொத்தமாக நிறுத்தியும் சில மாதங்கள் ஓட்டினேன். வேகம் பிரமாதம். ஆனால் ஒரு நிமிட அனிமேஷனுக்கு நொடிக்கு 24 வீதம் 1440 சட்டகங்கள். நடுவில் எங்கோ ஒளி கெட்டுப்போன பகுதியைச் சிறுபடங்களை ஓடவிட்டுத்தான் நான் கண்டுபிடிப்பேன். எண் மட்டும் உள்ள 1440 பெயர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நிறுத்தவும் முடியாது, விடவும் முடியாது.

உண்மையில் உதவியது ஃபோல்டர்வாரியாக விலக்கு கொடுத்தது. துனார் என்ற கோப்பு மேலாளரைப் பயன்படுத்துபவர்களுக்குச் சிறுபடம் செய்து தரும் பின்னணிச் சேவைக்கு டம்ளர் என்று பெயர் (ஆமாம், அதே டம்ளர்தான்). அதன் அமைப்புக் கோப்பில் ஒவ்வொரு வகைக்கும் விலக்க வேண்டிய முகவரிகளையும் கோப்பு அளவின் உச்சவரம்பையும் தனித்தனியாகக் கொடுக்கலாம். கணினி முழுமைக்குமான கோப்பை ஹோமில் உள்ள கான்ஃபிக் ஃபோல்டருக்கு நகலெடுத்து, அதில் ரெண்டர் ஃபோல்டரின் முகவரியைச் சேர்த்துவிட்டு, வெளியேறி மறுபடி நுழைந்தேன். அவ்வளவுதான். டால்ஃபின் என்ற மேலாளரில் இன்னும் சுலபம், எஃப்12 விசையை அழுத்தினால் முன்னோட்டங்கள் அணையும், மறுபடி அழுத்தினால் வரும். நாட்டிலஸில் இந்தக் கணினியில் உள்ளவற்றுக்கு மட்டும், எல்லாவற்றுக்கும், வேண்டவே வேண்டாம் என்று மூன்று தேர்வுகள்தான். அங்கே எழுதும் நிரலைத்தான் நாம் திருத்த வேண்டும்.

திருத்துவதும் பெரிய வேலை இல்லை. புள்ளியில் தொடங்கும் பெயர் உள்ள கோப்பு லினக்ஸில் மறைந்த கோப்பு. காட்டாத கோப்புக்குச் சிறுபடம் தேவைப்படாது. திரைப்பதிவை அப்படி ஒரு பெயரில் எழுதவிட்டு, முடிந்ததும் ஒரே கட்டளையில் உண்மையான பெயருக்கு மாற்றுகிறேன். ஒரே வட்டுப் பகுதிக்குள் பெயர் மாற்றம் கணத்தில் முடியும், பாதி எழுதிய கோப்பை யாரும் பார்க்க வாய்ப்பே இல்லை. பிரவுசர்கள் பதிவிறக்கம் முடியும்வரை வேறு பின்னொட்டு போட்டு வைப்பதும் ஏறக்குறைய இதே உத்திதான். வரைபடங்களுக்கு இது போதாது, ஏனென்றால் அங்கே முடிவு என்ற ஒன்றே இல்லை. பெயர் மாற்றி வைத்தாலும் 5 நொடிக்கு ஒரு புதிய படம் வந்துகொண்டுதான் இருக்கும். அவற்றைத் தனி ஃபோல்டரில் போட்டு, கோப்பு மாறினால் தானாக மறுபடி ஏற்றும் படக்காட்டியில் மட்டும் திறந்து வைக்கிறேன். பிடிஎஃப்புக்கு எவின்ஸும் ஒக்குலரும் இதை அழகாகச் செய்கின்றன.

இத்தனைக்குப் பிறகும் கொஞ்சம் துடிப்பு மிச்சமிருந்தது. பார்த்தால், ஃபோல்டரை மாறிய நேரப்படி வரிசைப்படுத்தி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறை எழுதப்படும்போதும் கோப்புகள் இடம் மாறிக் குதித்தன, சிறுபடத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெயர்ப்படி வரிசைப்படுத்தினேன், அடங்கியது. டெஸ்க்டாப்பில் பதிவுகளைச் சேமிக்கும் பழக்கத்தையும் விட்டேன். டெஸ்க்டாப் ஐகான்களைக் கோப்பு மேலாளரே வரையும் அமைப்பு என்றால், அது மூடவே முடியாத ஜன்னல்.

ஜிநோமில் 2017 முதல் சிறுபடம் செய்யும் நிரல்கள் தனிச் சிறைக்குள் அடைக்கப்பட்டு ஓடுகின்றன. தீங்கான கோப்பு ஒன்று சிறுபடம் வழியாகக் கணினிக்குள் புகாமல் இருப்பதற்காக. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நிரலைத் தொடங்கி மூடும் செலவு இதில் கூடுகிறது, ஆனாலும் அதை அணைக்கச் சொல்ல மாட்டேன். எங்கிருந்தோ வந்த கோப்பை நாம் திறக்காமலே நமக்காகத் திறந்து பார்க்கும் நிரல் சிறைக்குள் இருப்பதே நல்லது.

எனக்கு இன்னும் ஒரு ஆசை உண்டு. அந்த 3 நொடிப் பொறுமை எப்போதும் 3 நொடியாகவே இருக்க வேண்டுமா? ஒரு கோப்பு மறுபடி மறுபடி மாறுகிறது என்று தெரிந்தால் 6 நொடி, 12 நொடி, 24 நொடி என்று காத்திருப்பை இரட்டித்துக்கொண்டே போகலாமே. ஓயாமல் மாறும் கோப்பை அது தானாக விட்டுவிடும், ஓய்ந்த பிறகு ஒரே ஒரு சிறுபடம் செய்யும். போன வாரம் ஃபேன் மறுபடி இரைந்தபோது இதைத்தான் நினைத்துக்கொண்டேன். ரெண்டர் ஃபோல்டருக்கு விலக்கு இருந்தது, படக்காட்டி ஒழுங்காக இருந்தது. புதிதாகத் தொடங்கிய ஒரு சிமுலேஷன் வேறு ஃபோல்டரில் எழுதிக்கொண்டிருந்தது, அந்த ஃபோல்டர் மூன்று நாளாக மூடாமல் விட்ட ஒரு டேபில் திறந்திருந்தது.