எரிவாயு ஃபர்னஸுடன் ஹீட் பம்ப்: ஒரு டொரொண்டோ வீட்டின் அனுபவம்

பழைய ஏ.சி.யை அகற்றிவிட்டு அதே இடத்தில், வெளிக்காற்றின் வெப்பத்தை வீட்டுக்குள் கொண்டுவரும் ஹீட் பம்ப்பைப் பொருத்தி, எரிவாயுவை எரித்துக் காற்றைச் சூடாக்கும் ஏற்கெனவே இருந்த ஃபர்னஸைத் துணைக்கு வைத்துக்கொண்ட ஏற்பாடு எங்களுக்கு மிகுந்த நிறைவைத் தந்திருக்கிறது. வெளியே 8 பாகை செல்சியஸ் இருக்கையில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 3 யூனிட் வெப்பம் தரும் ஹீட் பம்ப்பின் திறன், குளிர் கூடக்கூடக் குறைந்துகொண்டே போகிறது; கடுங்குளிரில் ஃபர்னஸ் பொறுப்பேற்கிறது. ஹீட் பம்ப்பின் சுருள் ஃபர்னஸுக்கு மேலேயே, அதன் சூடான காற்று செல்லும் வழியில் அமைந்திருப்பதால் இரண்டும் ஒரே நேரத்தில் சேர்ந்து வீட்டைச் சூடாக்குவதில்லை. எனவே வெளியே எந்த வெப்பநிலையில் ஹீட் பம்ப்பிலிருந்து ஃபர்னஸுக்கு மாறுவது என்று, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டில் குறிப்பதுதான் இதன் உயிர்நாடி. பொருத்தியவர் அதை 5 பாகையில் வைத்துவிட்டுப் போனதால் முதலில் ஃபர்னஸே ஓயாமல் எரிந்தது. மைனஸ் 5 பாகைக்கு மாற்றிய பிறகே எரிவாயுக் கட்டணம் கண்கூடாகக் குறைந்தது.

ஹீட் பம்ப் ஓடும்போது வரும் காற்று கைக்கு வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், ஆனால் அறையின் சூடு ஏறி இறங்காமல் சீராக நிற்கிறது. ஈரமான நாட்களில் வெளி அலகின் தகடுகளில் படியும் உறைபனியைக் கரைக்க இயந்திரம் சில நிமிடங்கள் எதிர்த்திசையில் இயங்குகையில் வெண்ணிற ஆவி எழும், அது பழுதன்று. மின்சாரம் நின்றால் ஃபர்னஸின் விசிறியும் நின்றுவிடும் என்பதால், மின்தடைக்குக் காப்பு என்று எண்ணி இதை வாங்க வேண்டாம்.