இரவில் மட்டும் அணைந்த கேமரா: போர்டைச் சரிசெய்து இரண்டு மழைக்காலம் ஓடிய பிறகு

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு கேட்டுக்கு மேலே ஒரு 12 வோல்ட் புல்லட் கேமரா இருக்கிறது. அதன் பவர் பகுதியைச் சரிசெய்து திரும்ப மாட்டி இரண்டு மழைக்காலம் போய்விட்டது. இன்றும் நன்றாக ஓடுகிறது. அதனால் தைரியமாகச் சொல்கிறேன்: கேமராவைத் தூக்கிப் போடும் முன் அதற்குக் கரண்ட் கொடுக்கும் நான்கைந்து சின்னப் பாகங்களைப் பாருங்கள்.

கோளாறை முதலில் கவனித்தது எதிர் வீட்டு அக்கா. "தம்பி, ராத்திரியில உங்க கேமராவில அந்தச் சிவப்பு வெளிச்சம் விட்டு விட்டு வருதே" என்றார். பகலில் படம் பளிச்சென்று இருக்கும். இருட்டியதும் உள்ளே பகல்-இரவு ஃபில்டர் 'டிக்' என்று மாறும், இருட்டில் படம் எடுக்க உதவும் ஐஆர் (அகச்சிவப்பு) எல்இடிகள் எரியும், உடனே படம் போய்விடும். கொஞ்ச நேரத்தில் கேமரா மறுபடி உயிர் பெறும், மறுபடி 'டிக்'. பார்க்க வந்த டெக்னீஷியன், "போர்டு போச்சு சார், புதுசு போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டார்.

பகலில் ஓடி இரவில் விழுகிறது என்றால் லோடு தாங்கவில்லை என்று அர்த்தம். என் கேமரா பகலில் சுமார் 150 மில்லி ஆம்பியர் இழுக்கும். ஐஆர் எரிந்தால் 350-ஐத் தாண்டும். மேஜையில் வைத்து, லைட் சென்சாரைக் கறுப்பு டேப்பால் மூடினால் இரவு வந்துவிட்டதாக அது நினைத்துக்கொள்ளும். அப்போது ஜாக்கில் 12 வோல்ட் அசையாமல் நின்றது. ஆனால் அந்த 12-ஐக் குறைத்துக் கொடுக்கும் ரெகுலேட்டருக்கு அப்புறம் 3.3 இருக்க வேண்டிய இடத்தில் 2.8 வரை இறங்கித் தடுமாறியது. ஆக அடாப்டரும் ஒயரும் சரி, கோளாறு போர்டில்தான்.

காரணம் அந்த ரெகுலேட்டரின் அவுட்புட்டில் வோல்ட் ஏறி இறங்காமல் தாங்கிப் பிடிக்க இருந்த 220 மைக்ரோஃபேரட் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர். மேல் பகுதி துளிகூட உப்பவில்லை. கழற்றி டெஸ்டரில் வைத்தால் 60 கூடக் காட்டவில்லை, இ.எஸ்.ஆர். (கெபாசிட்டரின் உள் தடை) சில ஓம் வரை ஏறியிருந்தது. கண்ணால் பார்த்து 'நல்லா இருக்கு' என்று விட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

ஏன் இவ்வளவு சீக்கிரம் போகிறது? தண்ணீர் புகாமல் மூடிய டப்பா, பக்கத்திலேயே சூடாகும் ஐஆர் எல்இடிகள், பகலில் வெயில். 105 டிகிரியில் 2000 மணி நேரம் உழைக்கும் கெபாசிட்டருக்கு, சூடு 10 டிகிரி குறையக் குறைய ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். உள்ளே 75 டிகிரி என்று வைத்தால் 16,000 மணி நேரம். நிற்காமல் ஓடும் கேமராவுக்கு அது இரண்டு வருஷம்கூட இல்லை. 85 டிகிரி ரகத்தைப் போட்டிருந்தால் ஆறு மாதமே சந்தேகம். அதே 105 டிகிரியில் 5000 மணி நேர ரகம் என்றால் நாலரை வருஷம் வரும். விலை வித்தியாசம் சில ரூபாய்தான்.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் 'லோ இ.எஸ்.ஆர்., 105 டிகிரி' என்று கேட்டு வாங்கினேன். உயரத்தையும் அளந்துகொண்டு போங்கள், இல்லையென்றால் மூடி மூடாது. தரை இணைப்பு உள்ள கால் சூட்டை உறிஞ்சிவிடும். அங்கே சால்டர் நன்றாக ஒட்ட உதவும் ஃப்ளக்ஸைத் தாராளமாக விட்டு, அகலமான முனை போட்டு சால்டர் செய்தேன். லென்ஸைக் கழற்றவே இல்லை, அதன் பின்னால் படம் பிடிக்கும் சென்சாரில் ஃப்ளக்ஸ் புகை படிந்தால் அப்புறம் படம் மங்கல்தான். மூடும்போது புது சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் உள்ளே வைத்தேன்.

முதல் வருஷம் ஒரு குறையும் இல்லை. அடுத்த ஏப்ரலில் இடி மழை அடித்த ஒரு மாலையில் கேமரா முழுசாகப் போனது. அடாப்டரின் பச்சை விளக்கு விட்டு விட்டு மின்னியது. அப்படி மின்னினால் பெரும்பாலும் அடாப்டருக்கு அப்புறம் எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று பொருள். ஜாக்குக்குப் பக்கத்தில் இருந்த டிவிஎஸ் டயோடு (திடீர் மின் அதிர்ச்சியிலிருந்து போர்டைக் காக்கும் பாகம்), வந்த அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொண்டு ஷார்ட்டாகியிருந்தது. அதை எடுத்தாலே கேமரா ஓடும், பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அது சரியில்லை. அடுத்த இடிக்கு ரெகுலேட்டர்தான் பலியாகும். 15 வோல்ட் டிவிஎஸ் ஒன்றைப் போட்டேன். அதோடு ஒயர் ஜாயிண்டை மழை படாத ஜங்ஷன் பாக்ஸுக்குள் கொண்டுவந்தேன். அதற்குப் பிறகு ஒரு தடவைகூடக் கழற்றவில்லை.

எல்லாப் போர்டையும் இப்படிக் காப்பாற்ற முடியாது. மெயின் சிப்புக்குப் போகும் 1.2 வோல்ட் லைனில் ஓம் குறைவாகக் காட்டுவது சகஜம், அதை ஷார்ட் என்று நினைத்துப் பாகங்களைப் பிடுங்க வேண்டாம். ஆனால் கரண்ட் கொடுத்த உடனே அந்தச் சிப் விரல் வைக்க முடியாத அளவு கொதித்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். லென்ஸும் ஐஆர் போர்டும் வேறொரு கேமராவுக்கு உதவும்.