டிபன் பாக்ஸ் கழுவிய பிறகு இருபது நிமிடம்: இரண்டரை வருஷ எழுத்துப் பழக்கம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் கணக்கு பார்க்கிறேன். தினமும் கொஞ்சமாவது கதை எழுத வேண்டும் என்று 2022 நவம்பரில் ஆரம்பித்தேன். விட்டது, பிடித்தது எல்லாம் சேர்த்து இரண்டரை வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

முதலில் இறங்கியது 'நானோரைமோ' என்ற நாவல் எழுதும் சவாலில். 1999-ல் அமெரிக்காவில் கிறிஸ் பேட்டி தொடங்கி வைத்தது. ஒரே மாதத்தில் 50,000 சொல், அதாவது நாளுக்கு 1,667. பதினோராம் நாள் நின்றுவிட்டேன். என் சோம்பல் என்றே அப்போது நினைத்தேன். பிறகுதான் உறைத்தது: 'போகவேண்டியிருந்ததால்' என்பது நமக்கு ஒரே சொல், ஆங்கிலத்தில் அதற்கு நாலைந்து சொல் வேண்டும். ஆங்கிலத்துக்கு வகுத்த கணக்கை அப்படியே தூக்கிக்கொண்டால் தமிழில் எழுதுகிறவருக்குச் சுமை கூடத்தான் செய்யும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் சொல்லை எண்ணாதீர்கள், நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

காலை ஐந்து மணிக்கு எழுந்து பார்த்தேன், இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. ஷிப்மென்ட் இருந்தால் ராத்திரி வீடு சேரவே பதினொன்று ஆகிவிடும். மதியம் டிபன் பாக்ஸைக் கழுவி வைத்த கையோடு, அட்டைப்பெட்டி அடுக்கிய மூலையில் ஸ்டூலைப் போட்டு இருபது நிமிடம். அதுதான் நிலைத்தது. கழுவுவது எப்படியும் தினமும் நடக்கிற வேலை, எழுத்தை அதோடு கோத்துவிட்டேன். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கவனித்துச் செய்த ஆய்வில் பழக்கம் படிய சராசரியாக 66 நாள் ஆனதாம். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம். நடுவில் ஒரு நாள் தவறினாலும் பெரிதாகக் கெடவில்லை என்கிறது ஆய்வு. எனக்கு நாலு மாதம் பிடித்தது. ஒரு நாள் விட்டதுமே 'எல்லாம் போச்சு' என்று நோட்டை மூடிவிடுகிற என் பழைய வழக்கம், அதைப் படித்த பிறகுதான் போனது.

முதல் எட்டு மாதம் போனில் ஒரு செயலியில் எழுதினேன். போன் மாற்றியபோது நாற்பது நாள் எழுத்து காணாமல் போனது. அப்பத்தா இறந்த அன்றைக்கு எழுதியதும் அதில் இருந்தது. திரும்ப எழுதிப் பார்த்தேன், வரவே இல்லை. அன்றிலிருந்து லாங் சைஸ் நோட்டுதான், இப்போது எட்டாவது. தேறுகிற பகுதியை மட்டும் ஞாயிறன்று தமிழ்99 என்ற விசைப்பலகை முறையில் அடிக்கிறேன். அ, ம, ம, ஆ என்று தட்டினால் 'அம்மா', புள்ளி தானே விழுந்துவிடும். விரல் பழக மூன்று வாரம் போதும்.

எனக்கு அதிகம் கைகொடுத்தது வாக்கியத்தைப் பாதியில் நிறுத்துவது. 'டிரிம்மரைக் கீழே வைத்துவிட்டு அவள்' என்று எழுதும்போது ஒரு நாள் பெல் அடித்துவிட்டது (டிரிம்மர் என்பது நூல் பிசிறு வெட்டும் சின்னக் கத்தரி). அடுத்து அவள் என்ன செய்வாள் என்பதே ராத்திரி முழுக்க மனசில் ஓடியது. வேலையை விட்டு எழுந்து போவாள் என்றுதான் நினைத்திருந்தேன். மறுநாள் உட்கார்ந்ததும், மடியில் கிடந்த நூல் பிசிறை ஊதித் தள்ளிவிட்டு அடுத்த பீஸை எடுத்தாள். கதையே அங்கேதான் திரும்பியது.

குறையும் உண்டு. இருபது நிமிடத்தில் தொடக்கங்கள் குவியும், முடிவு வராது. முதல் வருஷம் ஒரு கதைகூட முடியவில்லை. திருத்துவதற்கென்று ஞாயிறு இரண்டு மணி நேரம் ஒதுக்கிய பிறகுதான் நாலு கதை முடிந்தது. இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

இன்னொரு துணை, கம்பெனியில் தைத்த பீஸைச் சரிபார்க்கும் செக்கிங் அக்கா. நான் சும்மா உட்கார்ந்திருந்தால், "ஏங்கண்ணு, இன்னைக்கு நோட்டு எடுக்கலையா?" என்று கேட்டுவிடுவார். டிரிம்மர் கதை ஒரு சிற்றிதழில் வந்ததும் முதல் பிரதியை அவரிடம்தான் கொடுத்தேன். வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். "நல்லாருக்குது கண்ணு. ஆனா டிரிம்மரை ஆரு கீழ வெப்பாங்க? அது வெரல்லயேதான மாட்டியிருக்கும்" என்று தன் கையைத் தூக்கிக் காட்டினார். வளையம் பதிந்த இடத்தில் தோல் காய்த்துக் கறுத்திருந்தது. அன்று மதியம் அந்த விரலைப் பற்றித்தான் எழுதினேன். இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.