விமான வானொலி உரையாடல் வகுப்பு: பேசுவதற்குப் பயிற்சி உண்டு, கேட்பதற்கு இல்லை

விமானி ஆகும் விருப்பமுள்ள தொடக்கக் கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களுக்காகச் சிங்கப்பூரின் சிமுலேட்டர் கூடம் ஒன்று வார இறுதிகளில் வானொலி உரையாடல் வகுப்பு நடத்துகிறது. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் சொல்லும் உயரத்தையும் திசையையும் அலைவரிசையையும் அப்படியே திருப்பிச் சொல்லும் 'ரீட்பேக்' பழக்கத்தைப் பயிற்றுநர் விடாப்பிடியாகப் புகட்டுகிறார். ஒன்பதை 'நைனர்' என்றும் ஐந்தை 'ஃபைஃப்' என்றும் சொல்வது வேடிக்கையாகத் தோன்றுகிறது. ஆனால் ஹெட்செட்டில் இரைச்சலைக் கூட்டிவிட்டு அவர் 'நைன்', 'ஃபைவ்' என்று மாற்றி மாற்றிச் சொல்லும்போது எது எதுவென்று பிரித்தறிய முடிவதில்லை.

வகுப்பின் உயிர்நாடி, விபத்துகளை அலசும் பகுதி. 1989 பிப்ரவரி 19 அன்று சாங்கியிலிருந்து கோலாலம்பூரின் சுபாங் விமான நிலையத்துக்குச் சென்ற ஃப்ளையிங் டைகர் சரக்கு விமானம், 2,400 அடிக்கு இறங்கலாம் என்னும் பொருளில் 'டூ ஃபோர் ஜீரோ ஜீரோ' என்ற அனுமதியைப் பெற்றது. முதலில் வந்த 'டூ'வை எண்ணாகக் கொள்ளாமல், அதே ஒலியுள்ள 'to' என்ற ஆங்கிலச் சொல்லாக எடுத்துக்கொண்ட விமானிகள் 'ஃபோர் ஜீரோ ஜீரோ', அதாவது 400 அடி, என்று மட்டுமே திருப்பிச் சொன்னார்கள். கட்டுப்பாட்டாளர் அதைத் திருத்தவில்லை. தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவி ஒலித்தும் இறக்கம் நிற்காமல், விமானம் மலைச்சரிவில் மோதி நால்வரும் மாண்டனர். 1977இல் ஸ்பெயினின் டெனெரிஃபே தீவில் 583 பேரைப் பலிகொண்ட இரு விமானங்களின் மோதலில், ஒரே அலைவரிசையில் இருவர் ஒரே நேரத்தில் பேசியதால் முக்கியமான சொற்கள் சீழ்க்கை ஒலியில் அமுங்கிப் போனதையும், ஓடுபாதையை விட்டுக் கிளம்பும் அனுமதியைத் தரும்போதோ ரத்து செய்யும்போதோ அன்றி 'டேக்-ஆஃப்' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்ற கட்டுப்பாடு அதன்பின் வந்ததையும் பயிற்றுநர் தெளிவாக விளக்கினார்.

குறை இங்கேதான் தொடங்குகிறது. சுபாங் விமானிகள் ரீட்பேக் செய்யாமல் இல்லை. அதைக் கவனித்துத் திருத்த வேண்டிய 'ஹியர்பேக்'கும் தவறியதால்தான் பிழை கடைசிவரை நின்றது. வகுப்பிலோ கட்டுப்பாட்டாளரின் இருக்கையில் எப்போதும் பயிற்றுநரே அமர்கிறார். எந்தப் பிழையும் அவர் காதுக்குத் தப்புவதில்லை. பழுத்த அனுபவம் உள்ளவர், தப்பவும் தப்பாது! மாணவர்களை அந்த இருக்கையில் அமர்த்தி, நான்கைந்து விமானங்களின் குரல்களுக்கு நடுவே ஒரு தவறான எண்ணை நுழைத்துப் பார்த்திருக்க வேண்டும். காது எதிர்பார்ப்பதையே கேட்கிறது என்பதை அவர்களே கண்டிருப்பார்கள்.

2000 அக்டோபர் 31 அன்று தைப்பேயில் 83 பேர் உயிரிழந்த, சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்கியூ 006 விமான விபத்தை வகுப்பு தொடவே இல்லை. அனுமதியும் ரீட்பேக்கும் சரியாக இருந்தும், விமானம் கட்டுமானப் பணிக்காக மூடப்பட்டிருந்த பக்கத்து ஓடுபாதையில் கிளம்பியது. ரீட்பேக்கின் எல்லையைக் காட்ட நம் ஊருக்கு இதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு கிடையாது.

கட்டணம் சற்று அதிகம். ஹெட்செட்டுகள் போதாததால் பாதி நேரம் வேடிக்கைதான் பார்க்க முடிகிறது. ஆகவே முன்பதிவு செய்யும்போதே ஆட்கள் குறைவாக உள்ள காலை வகுப்பைக் கேட்டுப் பெறுவது நல்லது.