பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம்: தொழில் கற்க நல்ல இடம், வாய் திறக்கத்தான் இடம் குறைவு

பிளஸ் டூ முடித்துவிட்டு நர்சிங் கல்லூரி தேடுகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஃபீஸ் எவ்வளவு, ஹாஸ்டல் சாப்பாடு எப்படி, போஸ்டிங் என்கிற வார்டுப் பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில், முடித்தால் வெளிநாடு போகலாமா. இதற்கெல்லாம் பதில் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். யாரும் கேட்காத ஒன்றைப் பற்றித்தான் நான் எழுதுகிறேன். அரசியலில் தனக்கென்று ஒரு கருத்து வைத்திருக்கிற பெண்ணோ பையனோ அந்த நான்கு வருடத்தை எப்படிக் கழிப்பார்கள், கூடப் படிக்கிறவர்களோடு எப்படி ஒட்டுவார்கள்? நான் படித்தது தென்மாவட்டத்தில் ஒரு தனியார் கல்லூரி, தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவது. பெயர் போடவில்லை. வேறு கல்லூரிகளில் படித்த தோழிகள் சொல்வதும் ஏறக்குறைய இதே கதைதான் என்பதால் பெயர் முக்கியமும் இல்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தொழிலைச் சொல்லிக் கொடுப்பதில் அந்தக் கல்லூரியைக் குறை சொல்ல முடியாது. ஜி.எச். போஸ்டிங்கில் டியூட்டர் கூடவே நிற்பார், தப்பான அளவில் மருந்து எடுத்தால் கையைப் பிடித்து நிறுத்துவார், நோயாளியை எப்படிக் கவனிப்பது என்று எழுதும் கேர் பிளானை நாலு தடவை திருப்பி எழுத வைப்பார். முதல் வருடம் லேபில் நடந்த ஒரு விஷயம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. கை கழுவும் முறை சொல்லிக்கொடுக்கும் நாள் அது. முழங்கைக்குக் கீழே வளையல், வாட்ச், மோதிரம், கயிறு எதுவும் இருக்கக் கூடாது, ஏனென்றால் ஈரம் பட்ட கயிற்றில் கிருமி தங்கும், அது அடுத்த நோயாளியின் புண்ணுக்குப் போகும். எங்கள் பக்கத்தில் கையில் கட்டியிருக்கும் கயிற்றின் நிறத்தைப் பார்த்தே என்ன சாதி என்று சொல்லிவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் அதை வைத்து அடிதடியே நடக்கும். டியூட்டர் சாதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு கிட்னி டிரேயில் கத்தரிக்கோலை வைத்து வரிசையாக நகர்த்தினார், அவரவர் கயிற்றை அவரவரே வெட்டிப் போட்டோம். கோயில் கயிறு, தர்கா கயிறு, அந்த நிறக் கயிறு எல்லாம் ஒரே டிரேயில். விதிவிலக்கு யாருக்கும் இல்லை, காரணமும் சொல்லியாயிற்று, அதனால் யாருக்கும் கோபம் வரவில்லை. ஒரு விதியை இப்படித்தான் போட வேண்டும் என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

இதே கல்லூரியின் ஹாஸ்டலுக்கு வந்தால் கதை வேறு. அட்மிஷனின்போதே ஒரு உறுதிமொழித் தாளில் கையெழுத்து வாங்குவார்கள். ‘எந்த அரசியல் நடவடிக்கையிலும் ஈடுபட மாட்டேன்’ என்று ஒரு வரி இருக்கும், அப்பாவும் கையெழுத்துப் போட வேண்டும். அரசியல் நடவடிக்கை என்றால் எதெது என்று எங்கேயும் எழுதியிருக்காது. அதை வார்டன்தான் முடிவு செய்வார்.

என் ரூம்மேட் ஒருத்தி கட்டில் பக்கத்துச் சுவரில் அம்பேத்கர் படம் ஒன்றை ஒட்டி வைத்திருந்தாள். சின்னப் படம், நாட்காட்டியிலிருந்து வெட்டியது. ‘கட்சிப் படமெல்லாம் ஒட்டக் கூடாதும்மா, எடுத்துரு’ என்றார் வார்டன். அதே அறையில் முருகன் இருந்தார், வேளாங்கண்ணி மாதா இருந்தார், ஒரு நடிகரும் இருந்தார். அவை எதற்கும் தடையில்லை. அரசியலமைப்புச் சட்டத்தை எழுதிய குழுவுக்குத் தலைமை தாங்கியவரின் படம் எப்படிக் கட்சிப் படமாகும்? அவள் ஒன்றும் பேசாமல் எடுத்து ரெக்கார்டு நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். அப்புறம் ஃபைனல் இயர் அக்காக்கள் சிலர் நேராக பிரின்சிபால் மேடத்திடமே போய்ப் பேசி, படம் சுவருக்குத் திரும்பியது. பிரின்சிபால் கேட்டுக்கொண்டார், அதற்கு அவருக்கு மதிப்பெண் உண்டு. ஆனால் அந்த ஒரு வாரம் மெஸ்ஸில் அவள் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள், சிலர் அவளிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டார்கள். அரசியல் வேண்டாம் என்கிற விதி எல்லோர் தலையிலும் ஒரே மாதிரி விழுவதில்லை என்பதை நான் தெரிந்துகொண்டது அங்கேதான். ஏற்கெனவே ஊரோடு ஒத்துப்போகிற கருத்து உள்ளவர்களுக்கு அந்த விதி இருப்பதே தெரியாது.

எங்கள் வகுப்பில் கேரளப் பெண்கள் கணிசம். கோட்டயம், இடுக்கி, மலப்புரம் பக்கம். அவர்கள் அரசியல் பேசுவதைப் பார்க்க ஆச்சரியமாக இருக்கும். ஒருத்தி வீடு இடதுசாரி, இன்னொருத்தி வீடு காங்கிரஸ், ராத்திரி பத்து மணிக்குக் காரசாரமாகச் சண்டை போடுவார்கள், காலையில் ஒருத்திக்கு இன்னொருத்தி கொண்டை போட்டு நெட் மாட்டிவிடுவாள். தமிழ்ப் பெண்களான நாங்கள் அப்படி இல்லை. திமுக, அதிமுக, விசிக, நாம் தமிழர் என்று எல்லா வீட்டிலிருந்தும் வந்திருந்தோம், ஆனால் கட்சியைச் சொன்னால் சாதியைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்கிற பயம் எல்லோருக்கும் இருந்தது. அதனால் பேச்சு அதிகம் போனால் சினிமாவரைக்கும்தான்.

2024 நாடாளுமன்றத் தேர்தலில் இன்னொரு சிக்கல் வந்தது. தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19, கேரளாவுக்கு ஏப்ரல் 26. நாங்கள் 19ஆம் தேதி லீவில் ஊருக்குப் போய் ஓட்டுப் போட்டு வந்தோம். கேரளப் பெண்களுக்கு 26ஆம் தேதி லீவு தர மறுத்துவிட்டார்கள். போகிறவர்கள் அந்த டியூட்டியைப் பிறகு ஈடுகட்ட வேண்டும் என்றார்கள். இதில் கல்லூரி பக்கம் ஓரளவு நியாயம் உண்டு. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி தேர்வு எழுத 80 சதவீத வருகை போதும், ஆனால் பட்டம் வாங்குவதற்குள் கிளினிக்கல், அதாவது வார்டுப் பயிற்சி மணி நேரம் நூறு சதவீதம் முடித்திருக்க வேண்டும். ஒரு நாள் விட்டாலும் அந்த நாளை எங்கேயாவது அடைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் முதல் தடவை ஓட்டுப் போடப் போகிற பெண்களிடம் முன்கூட்டியே ஒரு மாற்று நாளைச் சொல்லியிருந்தால் போதுமே. ‘ஓட்டுப் போட்டு என்ன ஆகப்போகுது’ என்று ஒரு நிர்வாகி கேட்டதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

கம்யூனிட்டி ஹெல்த் வகுப்பைத் தனியாகப் பாராட்ட வேண்டும். அந்தப் பாடத்தில் அரசாங்கத்தைத் தொடாமல் ஒரு பக்கம்கூட நகர முடியாது. இந்தியாவின் சுகாதார அமைப்பைத் திட்டமிட்ட 1946 போர் (Bhore) குழு அறிக்கையில் ஆரம்பித்து, ஆரம்ப சுகாதார நிலையம், தடுப்பூசி, காப்பீடு என்று எல்லாமே யாரோ ஒரு அரசு எடுத்த முடிவு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் யாருடையது என்று ஒரு நாள் வகுப்பில் சண்டையே வந்துவிட்டது. டியூட்டர் சத்தம் போடவில்லை. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று தொடங்கியது, 2012இல் ஜெயலலிதா ஆட்சியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆனது, 2021க்குப் பிறகும் தொடர்கிறது என்று போர்டில் வரிசையாக எழுதினார். ‘சரி, இப்ப இதுல ஒரு டயாலிசிஸ் பேஷன்ட்டுக்கு என்ன கிடைக்குது, என்ன பேப்பர் வேணும், நாளைக்கு வார்டுல கேட்டு எழுதிட்டு வாங்க’ என்றார். சண்டை போட்ட இரண்டு பேரையும் ஒரே குழுவில் போட்டார். மறுநாள் ரேஷன் கார்டு, வருமானச் சான்று என்று அவர்கள் இருவரும் ஒரு நோயாளியின் மகனுக்காக வரிசையில் நின்றார்கள். நான் பார்த்த மிகச் சிறந்த வகுப்பு அதுதான்.

என் பெரிய குறை வேறு. செவிலியர் சம்பளம், பணி நிரந்தரம், பாதுகாப்பு இந்த மூன்றையும்கூட ‘அரசியல்’ என்று சொல்லி வாயை அடைத்துவிடுகிறார்கள். நிர்வாகவியல் பாடத்தில் சங்கங்கள், கூட்டுப் பேரம் என்று ஒரு பகுதியே இருக்கிறது. எங்களுக்கு அதை ‘வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்’ என்று தள்ளிவிட்டார்கள். ஆனால் ஜி.எச். வார்டில் எங்களுக்கு ஐ.வி. போடக் கற்றுக்கொடுத்த அக்காக்களில் சிலர் எம்.ஆர்.பி. என்கிற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு எழுதி ஒப்பந்தத்தில் வந்தவர்கள். மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்க்கப்பட்ட செவிலியர்கள்தான் 2017 நவம்பரில் சென்னையில் அரசு மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைத்த குழு 2016இலேயே, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் செவிலியர் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. கேரளாவில் செவிலியர்கள் போராடி, 2018இல் அதைக் குறைந்தபட்ச ஊதியமாக அறிவிக்க வைத்தார்கள். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு இந்தக் குழு இருந்ததே தெரியாது, பாடம் நடத்த வேண்டிய இடத்தில் யாரும் சொல்லவில்லை. முதல் வேலைக்குப் போய் அந்த 20,000 ரூபாயில் பாதிகூட வராத சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்ட தோழிகளை எனக்குத் தெரியும். 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் ஒரு பெண் டாக்டர் கொல்லப்பட்டபோது மெழுகுவத்தி ஏற்ற அனுமதித்தார்கள். ‘நைட் டியூட்டிக்குப் பூட்டு உள்ள ஓய்வறை வேண்டும்’ என்று ஒரு அட்டையில் எழுதியதை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நைட் டியூட்டி பார்க்கப்போகிற பெண்கள் பூட்டு கேட்பதில் என்ன கட்சி இருக்கிறது?

நோயாளியிடம் சாதி, மதம், அரசியல் எதையும் பார்க்காமல் கவனிக்க வேண்டும் என்று செவிலியர் நெறிமுறை சொல்கிறது. அதை நான் முழு மனசோடு ஏற்கிறேன். எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத கட்சியின் கரை வேட்டியோடு வந்த தாத்தாவுக்குப் படுக்கைப்புண் டிரெஸ்ஸிங் பண்ணியிருக்கிறேன், மற்றவருக்குப் பண்ணுவது போலவே பண்ணினேன். அதற்காக வார்டுக்கு வெளியே, ஹாஸ்டல் மாடியில், எனக்கு வாயே இருக்கக் கூடாது என்று சொல்வது சரியில்லை.

ஒட்டிப் பழகுவது பற்றிக் கேட்டால், முதல் வருடம் கொஞ்சம் பொறுமை வேண்டும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அரசியல் பேச வேண்டாம், ஸ்கிரீன்ஷாட் வீடுவரைக்கும் போகும். போஸ்டிங்கில் கூட டியூட்டி பார்ப்பவர்களிடம் நேரில் பேசுங்கள். ராத்திரி மூன்று மணிக்கு ஒரே பேஷன்ட்டை இரண்டு பேர் சேர்ந்து திருப்பிப் படுக்க வைத்த பிறகு, எந்தக் கட்சி என்றாலும் மரியாதையாகப் பேச வரும். எஸ்.என்.ஏ. என்கிற மாணவ செவிலியர் சங்கம் 1929இலிருந்து இருக்கிறது, கல்லூரிகளுக்குள் நிர்வாகமே ஒத்துக்கொள்கிற அமைப்பு. எங்கள் கல்லூரியில் அது ஆட்டம் பாட்டத்தோடு சரி, ஆனால் சம்பளம் பற்றியும் பாதுகாப்பு பற்றியும் ஒரு கருத்தரங்கம் வைக்கக் கேட்டால் மறுப்பது அவர்களுக்குக் கஷ்டம். எங்கள் ஜூனியர்கள் ஒன்று நடத்திவிட்டார்கள், எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

ஐந்துக்கு மூன்று தருகிறேன். வார்டுப் பயிற்சிக்கு ஐந்தும் தரலாம், ஹாஸ்டலுக்கு ஒன்றுகூட யோசித்துத்தான். கவுன்சலிங்கில் விருப்பம் நிரப்புவதற்கு முன்னால் அந்த உறுதிமொழித் தாளின் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். லீவு விதி என்ன, ஒரிஜினல் சான்றிதழ்களை எப்போது திருப்பித் தருவார்கள், படித்து முடித்ததும் அவர்கள் ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்க்க பாண்ட் உண்டா என்று வாய்விட்டுக் கேளுங்கள். அலுவலகத்தில் கேட்பதைவிட, மத்தியானம் மார்னிங் டியூட்டி முடிந்து ஜி.எச். வாசலில் கல்லூரி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் மூன்றாம் வருடப் பெண்களிடம் கேட்டால் உள்ளது உள்ளபடி சொல்வார்கள்.